மேட்டுக்கரையில் இறக்கிய பாடை

உப்பளத்திலிருந்து வந்து படுத்த சிவஞானம் மறுபடி எழுந்திருக்கவில்லை. மரக்காணத்தை அடுத்து, மூன்று பக்கமும் உப்புப் பாத்திகள் சூழ்ந்த அந்தச் சின்ன ஊரில் விடிவதற்குள் எல்லா வீட்டுக்கும் சேதி போய்விட்டது. கத்தாரில் கட்டட வேலை பார்க்கும் ஒரே மகன் ஜெயசீலனுக்குத்தான் போகவில்லை. ஊருக்குள் எந்த போனிலும் சிக்னல் எடுக்காது. பாத்திகளுக்கு நடுவே லாரி போகும் மேட்டுக்கரைக்குப் போனால்தான் கொஞ்சம் கிடைக்கும். சிவஞானத்தின் அண்ணன் கலியபெருமாள் அங்கே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"லீவு கிடைக்கலன்னு சொல்றாம்மா" என்றார் தம்பி மனைவி திரௌபதியிடம். "தங்கராசுவ கொள்ளி வெக்கச் சொல்லிட்டான். அப்பா மொகத்த மட்டும் ஒருவாட்டி காட்டச் சொல்லி அழுவுறான்."

குளிப்பாட்டி, மாலை போட்டு, பாடையைத் தூக்கக் குனிந்தபோது திரௌபதி கணவரின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள்.

"மாமா, மேட்டுக்கரைக்கு எடுத்துட்டுப் போங்க."

"சுடுகாடு தெற்கால இருக்குதும்மா. கரை வடக்கால. பொணத்த எதிர்ப்பக்கம் தூக்கினு போறதா? நம்ம ஊர்ல நடந்ததே இல்ல."

"நடந்திருக்காது மாமா. அப்பல்லாம் புள்ளைங்க பக்கத்துலயே இருந்தாங்க."

"போட்டோ புடிச்சி அனுப்பிடலாமே சித்தி" என்றான் கலியபெருமாளின் மகன் தங்கராசு.

"போட்டோவ எப்ப வேணாலும் பாக்கலாம். இவர அப்புறம் பாக்க முடியுமா?"

கலியபெருமாள் துண்டைச் சும்மாடாக மடித்துத் தோளில் வைத்து, முன்பக்கம் போய்க் குனிந்தார். மேளம் வடக்கே திரும்பியது. பெண்கள் தெருமுனையோடு நிற்பது வழக்கம். திரௌபதி நிற்கவில்லை, பின்னாலேயே நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

கரையில் பாடையை இறக்கினார்கள். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு அப்படியே நின்றார்கள். தங்கராசு வீடியோ கால் போட்டான். நாலைந்து தடவைக்குப் பிறகு ஜெயசீலன் வந்தான்.

"ஒண்ணுமே தெரியலம்மா... எல்லாம் வெள்ளையா இருக்குது."

உச்சி வெயிலில் உப்பு கண்ணைக் கூசவைத்தது. திரௌபதி முந்தானையை விரித்துக் கணவரின் முகத்துக்கு நிழலாகப் பிடித்தாள். பாடை தூக்கி வந்தவர்கள் துண்டுகளை விரித்து அவளோடு சேர்ந்து பிடித்தார்கள்.

"இப்ப பாரு கண்ணு."

"அப்பா..." என்றான். திறந்த வாயோடு படம் நின்றுவிட்டது. குரல் துண்டு துண்டாக வந்தது, பிறகு அதுவும் போனது. தங்கராசு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரை நெடுக ஓடிப் பார்த்தான். கிடைக்கவே இல்லை.

"பாத்துட்டானாடா?"

"பாத்துட்டான் சித்தி" என்றான். அவனுக்கும் தெரியாது.

கருமாதி முடிந்ததும் திரௌபதி மரக்காணத்தில் கேபிள் வழியாக இன்டர்நெட் கொடுக்கும் மணிவண்ணனைப் போய்ப் பார்த்தாள்.

"ஒரு வீட்டுக்காக அவ்ளோ தூரம் வயர் இழுத்தா கட்டாதுக்கா. ஊரே சேர்ந்தா பாக்கலாம்."

தனியாக ஒரு இணைப்புக்கு மாதாமாதம் கட்ட அந்த ஊரில் யாராலும் முடியாது. மூன்று நான்கு வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம் என்று திரௌபதி வாசல் வாசலாகச் சொன்னாள். முதலில் சரி என்றவள் கொளஞ்சியம்மாள். அவள் மகன் மலேசியாவில் இருந்தான்.

"நாளைக்கு எங்க வூட்டுக்காரர எந்தப் பக்கம் தூக்கினு போறதுன்னு நான் நிக்கக்கூடாது, திரௌபதி."

அதற்குப் பிறகு மற்றவர்களும் தயங்கவில்லை. கரையோரம் கம்பம் நட கலியபெருமாளே ஆள் கூட்டிக்கொண்டு போனார். மழைக்கு முன்னால் வயர் ஊருக்குள் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே திரௌபதி மகனைப் பார்த்தாள். கரையில் நின்று பேசிய அவசரப் பேச்சுகளில் கேட்க முடியாததை இப்போது கேட்டாள்.

"அன்னிக்கு அப்பாவ பாத்தியா கண்ணு?"

"பாத்தேம்மா. கொஞ்ச நேரந்தான். நெத்தியில விபூதி இருந்திச்சி."

அழுதான். இணைப்பு அறுபடவில்லை. அவன் அழுது ஓயும்வரை திரௌபதி போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"இன்னா சாப்ட்ட?" என்று கேட்டாள்.