கால்வாசி சார்ஜ்

பால்துரையை நடுக்கடலில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று செண்பகத்துக்குப் போன சித்திரையிலிருந்தே வெறி. அவளுடைய டீசல் படகு தூத்துக்குடித் துறையிலிருந்து தீவுக்குக் கிளம்பும் நேரத்தில், "இந்தப் புகையில நெஞ்சடைச்சுச் சாகப் போறியளா?" என்று கேட்டு, உட்கார்ந்திருந்த சனத்தையெல்லாம் தன் படகில் ஏற்றிக்கொண்டவன் அவன். அவன் படகு மட்டும் என்ன, சாம்பிராணியா போட்டது? சுற்றி நின்ற படகோட்டிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை.

இப்போது புகையே கூடாது என்று உத்தரவு. அதிகாரிகள் செண்பகத்துக்கும் பால்துரைக்கும் ஆளுக்கொரு பேட்டரிப் படகைக் கொடுத்து, நடுவழியில் நிற்காத படகுக்குத்தான் இனி தீவுக்கு ஆளேற்றும் ஓட்டம் என்று சொல்லிவிட்டார்கள். காணும் பொங்கலன்று கடைசிச் சோதனை.

தன்னை யாரும் முந்தினால் பால்துரைக்குப் பொறுக்காது. அது தெரிந்தேதான் செண்பகம் காலையிலிருந்து அவனை உரசி உரசி முந்தினாள். அவன் விரட்டத் தொடங்கியதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். டீசலில் முறுக்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? மதியம் தீவில் ஆளை இறக்கிவிட்டு வெறும் படகாகத் திரும்பும்போது, பாதிவழியில் பேட்டரி தீர்ந்து அவன் படகு நின்றது.

"ஏளா செண்பகம், கயித்தப் போடு" என்றான்.

போட்டாள். நேரே துறைக்குப் போயிருந்தால் தீவு ஓட்டம் அவளுக்குத்தான். ஆனால் ஊரே கட்டுச்சோற்றோடு உட்கார்ந்திருந்த கடற்கரை கண்ணில் பட்டது. மீட்டரில் கால்வாசி சார்ஜ் இருந்தது. டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தே காலம் தள்ளியவளுக்குக் கால்வாசி என்றால் தாராளம்.

துறை அந்தப் பக்கம் என்று பால்துரை கத்தினான்.

"தெரியும் அண்ணாச்சி. சனம் உங்களப் பாக்கணும்லா."

கரையை ஒட்டி மெதுவாக இழுத்துப் போனாள். பிள்ளைகள் ஊளையிட்டார்கள். பால்துரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். செண்பகத்துக்கு வயிறு குளிர்ந்தது. இன்னொரு படகை இழுத்தால் பேட்டரி மளமளவென்று இறங்கும் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. துறைக்குத் திரும்பும் முனையில் அவள் படகும் அடங்கிப்போனது.

துறையில் அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தீவு ஓட்டம் கைநழுவிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நண்டு வலை போடும் வளன் தன் டீசல் வள்ளத்தில் புகையைக் கக்கிக்கொண்டு வந்தார். பின்னால் கட்டியிருப்பதை அவிழ்த்துவிட்டால் உன்னையாவது சீக்கிரம் கரை சேர்ப்பேன் என்றார்.

செண்பகம் மூக்கைச் சிந்திவிட்டுப் பால்துரையைத் திரும்பிப் பார்த்தாள். துண்டு இன்னும் அவன் முகத்தில்தான் இருந்தது.

"அவுக்க வேண்டாம். இழுக்கதுதான் இழுக்கிய, பீச்சு வழியா இன்னொரு சுத்து இழுங்க."