எங்கும் போகாத பச்சை வயர்

சித்தப்பா எங்கள் வீட்டுக்குப் புது வயரிங் செய்து முடித்த பிறகும், வாஷிங் மெஷினைத் தொட்டால் அம்மாவுக்குச் சுருக்கென்று ஷாக் அடித்தது. மெயினை அணைத்துவிட்டு அந்தப் பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க வேண்டிய பச்சை எர்த் வயர் சரியாகவே மாட்டியிருந்தது. எலக்ட்ரீஷியன் வேலையை மாலை வகுப்பில் அரைகுறையாகப் படித்த எனக்குத்தான் புரியவில்லையோ என்று நினைத்து, அதன் மறுமுனையையும் தேடிப் போனேன். மெயின் பெட்டிக்குள் எல்லாப் பச்சை வயர்களையும் சித்தப்பா ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார். மண்ணுக்குள் ஒன்றுகூடப் போகவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலுக்குப் போய் அங்கே நின்றிருந்த சித்தப்பாவைக் கேட்டேன். "இது யாரை ஏமாத்த, சித்தப்பா?"

"வந்துட்டாங்க எஞ்சினியரம்மா! உங்க அப்பாவைக் கேளு. எர்த் குழி தோண்டணும்னா வாசல் டைல்ஸை உடைக்கணும். அண்ணன் கூடாதுன்னுட்டாரு."

வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா பேப்பரிலிருந்து நிமிரவில்லை. "இப்பதான் ஆசையா போட்டேன். ஈரக் கையோட தொடாம இருந்தா ஒண்ணும் ஆகாது."

"துணி துவைக்கிறவங்க கை ஈரமா இல்லாம வேற எப்படிப்பா இருக்கும்? டைல்ஸ் பெரிசா, அம்மா உயிர் பெரிசா?" நான் அளவுக்கு மீறிக் கத்துகிறேனோ என்று தோன்றியது. ஆனாலும் குரலைக் குறைக்கவில்லை.

அம்மா பின்பக்கமிருந்து கடப்பாரையைத் தூக்கி வந்து அந்த டைல்ஸ் மேலேயே ணங்கென்று ஊன்றினாள்.

"நீங்க உடைக்கிறீங்களா, நான் உடைக்கட்டுமா? நான் ஆரம்பிச்சா குழியோட நிக்காது."

அப்பா பேப்பரை மடித்தார்.