மண்புழு, உண்மையான அளவில்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதையை வயிற்றெரிச்சலில்தான் எழுதத் தொடங்கினேன். ஒரு யானையின் கால் நகம் என் வேலையைப் பறித்துக்கொண்டது.

(புரியவில்லை என்றால் கவலை வேண்டாம். அது நடந்தபோது எனக்கும்... சரி, வரிசையாகவே சொல்கிறேன்.)

2

பதிப்பகத்துக்காரம்மா குழந்தைகளுக்கு ஒரு படப் புத்தகம் கேட்டார். இயற்கை இருக்க வேண்டும், தன் இடத்தைத் தேடும் ஓர் உயிர் இருக்க வேண்டும், பன்னிரண்டு பக்கம். எழுதிப் பார்த்தேன்.

'ஒரு காட்டில் ஒரு மண்புழு தன் இடத்தைத் தேடி...'

'தன் இடம் எதுவென்றே தெரியாத மண்புழு ஒன்று, மண்ணில்...'

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "அதோட இடம் எதுன்னு அதோட பேர்லயே இருக்கேடா."

அக்கா நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவள். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போவதாக என் வீட்டுக்கு வந்தாள், எட்டு மாதமாகிறது. என் எழுதும் மேசை இப்போது அவளுடைய வரையும் மேசை. நான் துணி தேய்க்கும் பலகையில் எழுதுகிறேன்.*

ஓவியர் யாரும் அமையாததால் படமும் அவளே போட்டாள்.

* உயரம் சரியாகத்தான் இருக்கிறது. குறை சொல்வதற்கில்லை.

3

என் கதையில் மண்புழு எறும்பிடமும் தவளையிடமும் யானையிடமும் போய், தன் இடம் எதுவென்று கேட்கும். உருக்கமான வசனங்கள். அக்கா எல்லாவற்றையும் உண்மையான அளவில் வரைந்தாள். புழு ஒன்பது சென்டிமீட்டர். எறும்பு ஒரு புள்ளி. யானைக்கு இரண்டு பக்கம் கொடுத்தும் ஒரு நகமும் கொஞ்சம் சாம்பல் நிறமும்தான் அடங்கின.

"யானை எங்கக்கா?"

"நகம் தெரியுதுல்ல. மிச்சம் பக்கத்துக்கு வெளிய நிக்குது."

"குழந்தைங்களுக்கு எப்படிப் புரியும்?"

"உனக்குப் புரியல. அதுக்குக் குழந்தைங்கள ஏன் இழுக்குற?"

4

(இங்கே பதிப்பகத்துக்காரம்மாவைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவர் எனக்கு பிஸ்கட் கொடுத்தார்.)

அக்கா விரித்துக் காட்டிய நகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மெதுவாக, "படமே எல்லாத்தையும் சொல்லிடுது சார். எழுத்து வேண்டாம்னு தோணுது" என்றார்.

வாய் நிறைய பிஸ்கட் இருந்ததால் என்னால் மறுக்க முடியவில்லை. அக்காவின் வாயில் எதுவும் இல்லை. அவளும் பேசவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

5

முடிவு ஒன்று: நான் கௌரவமாக விலகிக்கொள்கிறேன். (எங்கே போவது? தூக்கிக்கொண்டு போக, துணி தேய்க்கும் பலகை மடங்காது.)

முடிவு இரண்டு: அக்கா படங்களையெல்லாம் கிழித்து... (இல்லை. முப்பது வருடத்தில் அவள் ஒரு தாளைக்கூடக் கிழித்ததில்லை.)

நடந்தது வேறு. மறுநாள் காலை அக்கா யானைப் பக்கத்தை விரித்தாள். ஸ்கேலை வைத்து, நகத்துக்கும் புழுவுக்கும் நடுவில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டாள். நீளம் நான்கு சென்டிமீட்டர், உயரம் ஒன்று.

"இதுல நீ எழுதாம படம் தரமாட்டேன்னு அந்தம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க. ஒரு வரிதான் புடிக்கும். பெரிய எழுத்தாளர் மாதிரி எழுதி வெக்காத."

நான்கு நாளாகிறது. 'பேருயிரே' என்று எழுதினேன், அசிங்கமாக இருந்தது. 'மன்னிக்கவும், இங்கே' என்பது கட்டத்தைத் தாண்டியது. அழித்த தூசியை அக்கா ஊதிவிட்டுப் போகிறாள்.

அவ்வளவு பெரிய நகத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு புழு என்னதான் சொல்லும்? உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள். அக்கா அளந்து பார்ப்பாள்.