ஜெசிந்தாவின் குடையறைச் சுவர்

ஆலப்புழையில் கடலோர வீட்டின் பக்கத்து அறையில்தான் ஜெசிந்தா குடை தைத்தாள். சிமென்ட் கல் வைத்துக் கட்டிய அறை. போன வருஷம் அதன் சுவர் ஈரம் கோத்து, இருநூறு குடைத்துணி பூஞ்சை பிடித்துப் போனது. "இன்னொரு தடவை இப்படி ஆனா, துணியும் கம்பியும் வேற வீட்டுக்குத்தான்" என்று கம்பெனி ஆள் சுகுணன் கறாராகச் சொல்லிவிட்டான். மூன்று வாரத்தில் வந்து சுவரைப் பார்ப்பானாம். பதினெட்டு வருஷமாகத் தைக்கிறாள். அந்த வேலை போனால் அவளுக்குக் கை ஒடிந்த மாதிரிதான்.

புருஷன் லாசர் வெள்ளை பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றான். "ரெண்டு கை அடிச்சா பளபளன்னு ஆயிரும்டீ. அவன் என்ன சுவத்த நக்கியா பாக்கப் போறான்?"

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க. ஒரே மழைல அப்பளமா உரிஞ்சு விழுந்துச்சு. சும்மா இருங்க மனுஷா!"

கம்பி பிரஷால் பழைய பெயிண்டையும் பூத்திருந்த உப்பையும் சுரண்டித் தள்ளினாள். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டினாள். மறுநாள் பார்த்தால் தாளுக்குள் முத்து முத்தாகத் தண்ணீர். மழையே இல்லாத மார்ச் மாதத்தில் இது எங்கிருந்து வருகிறது? வெளியே போய்ப் பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாசர் தன் நேந்திர வாழைக்காகச் சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு மண் அணைத்து, சமையலறைத் தண்ணீரையெல்லாம் அங்கேயே திருப்பி விட்டிருந்தான்.

அவள் மண்வெட்டியை எடுத்தாள்.

"எடீ, குலை தள்ளியிருக்குடீ! பாவம் சும்மா விடாது!"

"வாழை நிக்கணுமா, நான் தைக்கணுமா? ஒண்ணு சொல்லுங்க."

லாசர் அவளை முறைத்தான். பிறகு அவனே அரிவாளைக் கொண்டுவந்து மூன்று வாழையையும் சாய்த்தான். அன்று அவன் சோறு தின்னவில்லை. அவளுக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் மண்ணை அடிவரை வெட்டி அள்ளி, சமையலறைத் தண்ணீரையும் சுவருக்கு அப்பால் திருப்பிவிடும்வரை நிமிரவில்லை.

ராப்பகலாக மின்விசிறி ஓடியது. தாளை மறுபடி மறுபடி ஒட்டினாள். மூன்று தடவை நனைந்தே வந்தது. நாலாம் தடவை, மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, பொட்டு ஈரமில்லை. புதன்கிழமை பெயிண்டுக்கு அடிப்பூச்சான பிரைமரை அடித்து முடித்தாள்.

வியாழக்கிழமை சுகுணன் வந்துவிட்டான். "என்ன சேச்சி, பெயிண்டே அடிக்கலையா?"

லாசர் தலையில் அடித்துக்கொண்டான்.

"பிரைமர்தான் ஆயிருக்கு. கைய வச்சுப் பாருங்க" என்றாள்.

சுகுணன் நடுவில் தொட்டான், மூலையில் தொட்டான், குனிந்து தரையோரமும் தடவிப் பார்த்தான். வெளியே போய் மண் வெட்டிய இடத்தையும் பார்த்துவிட்டு வந்தான். "சரி, நாளைக்கே ஆயிரம் குடைக்குச் சாமான் அனுப்பறேன்."

லாசருக்கு வாயெல்லாம் பல்.

"நாளைக்கு வேண்டாம்" என்றாள் ஜெசிந்தா. "இன்னும் ரெண்டு கை பெயிண்ட் இருக்கு. அது காயாம ஒரு முழத் துணி உள்ள வராது. அடுத்த வியாழன் அனுப்புங்க."

"அதுக்குள்ள வேற வீட்டுக்குக் குடுத்துட்டா?"

அவள் பெயிண்ட் டப்பாவைத் திறந்து பிரஷை எடுத்தாள்.

"தாராளமாக் குடுங்க. அங்கயும் சுவத்துல கைய வச்சுப் பாத்துட்டுக் குடுங்க."

சுகுணன் சிரித்துவிட்டான். "அடுத்த வியாழன், சேச்சி" என்று சொல்லி வண்டியை எடுத்தான்.