ஜும்ஆ நேரத்தில் ஓடிய வேலை

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் மெஷின் ரூமில் இருந்தவர்கள்: ஷிப்ட் இன்சார்ஜ் நெய்னா முகம்மது, கீழக்கரைக்காரர். ஆபரேட்டர் ஹஸ்னைன், காயல்பட்டினம். இன்னொரு ஆபரேட்டர் பாலகுரு, முதுகுளத்தூர்ப் பக்கம். நைட் டூட்டி வைரவன், அதாவது நான். கேம்ப்பில் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பிக் கூட்டிவந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலியில் செக்யூரிட்டி கான். ஜும்ஆத் தொழுகை நேரத்தில் மட்டும் உள்ளே பாலகுரு தனியாக இருந்திருக்கிறான்.

"ஆந்தையப் பகல்லயே புடிச்சிட்டு வந்துட்டாங்கப்பா" என்றான் ஹஸ்னைன். யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

ராஸ் அல் கைமாவில் எங்கள் கம்பெனிக்கு ஒரு குவாரி, ஒரு சிமெண்ட் ஆலை, கப்பலில் ஏற்ற ஒரு ஜெட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர். அதை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். லைவ் பக்கம் ஆலைக்கும் ஜெட்டிக்கும். டெஸ்ட் பக்கம் எங்களுக்கு. டிஸ்க் மட்டும் இரண்டுக்கும் பொது.

டிஸ்பாட்ச் ஃபைலைத் திறந்தேன். பாதிக்கு மேல் ஜெட்டி லாரிகளின் எடை வந்தது. குவாரி ஃபைல் இல்லவே இல்லை என்றது திரை. எந்த ஃபைல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று டிஸ்க் தன்னிடமே ஒரு டைரக்டரி வைத்திருக்கும். அது கெட்டுப்போயிருந்தது. ஒரே இடத்தை இரண்டு ஃபைல்களுக்குக் கொடுத்திருந்தது. முதல் வேலையாக லைவ் பக்கத்தை நிறுத்தச் சொன்னேன்.

விடியற்காலையில் நான் எடுத்த டேப்பிலிருந்து பழைய டைரக்டரியைத் திரும்பப் போட்டுவிடலாம் என்றார் நெய்னா பாய். காலையிலிருந்து ஃபைல்கள் இடம் மாறாமல் இருந்தால் அது சரி. மாறியிருந்தால், பழைய டைரக்டரி நல்ல ஃபைல் இருக்கிற இடத்தையே காலி என்று காட்டும். மறுபடி ஓடவிட்டதும் லைவ் பக்கம் அதன் மேலேயே எழுதும். பிறகு மீட்க ஒன்றும் மிஞ்சாது.

ஃபைல்களை இடம் மாற்றுகிற வேலைக்குக் கிளீனப் என்று பெயர். சிதறிக் கிடப்பதை நெருக்கி வைத்து இடம் உண்டாக்கும். அதை ஓட்டுமுன் டிஸ்க்கை லைவ் பக்கத்திலிருந்து கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் கிளீனப் ஃபைலை நகர்த்துகிற இடத்திலேயே லைவ் பக்கமும் எழுதிவிடும். கழற்றுவதற்கு ஹெட் ஆபீஸ் அனுமதி வேண்டும். அனுமதி லேசில் வராது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். ஜும்ஆ நேரத்தில் ஆலையே பள்ளிவாசலில் இருக்கும், லைவ் பக்கத்தைத் தொட ஆள் கிடையாது. ஹஸ்னைன் தன் லாகின் ஐடியைத் திறந்துவைத்துவிட்டுத் தொழப் போவான். பாலகுரு உட்கார்ந்து, டிஸ்க்கைக் கழற்றாமலே கிளீனப்பை ஓட்டுவான். நெய்னா பாய் தொழுதுவிட்டு வந்து எவ்வளவு இடம் கிடைத்தது என்று கேட்பார். அவர் தொடங்கிவைத்த வழக்கம்தான் அது.

இன்று ஓட்டினாயா என்று அவர் கேட்டதற்கு, பாலகுரு இல்லை என்றான். ஆரம்பிக்குமுன்பே டெஸ்ட் பக்கம் தொங்கிவிட்டதாம், ரீஸ்டார்ட் செய்தானாம். ரீஸ்டார்ட் செய்தால் திரையில் இருந்ததெல்லாம் போய்விடும். என்ன ஓடியது என்று பதிவாகிற லாக் இருந்ததோ அந்தக் கெட்டுப்போன டிஸ்க்கில். அவன் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஜெட்டிக்குப் போன் போட்டேன். கப்பல் ஒன்று நிற்கிறதாம். ஃபிலிப்பினோ கிளார்க் ஜும்ஆ நேரம் முழுக்க லாரி எடை ஏற்றியிருக்கிறான். அவனுக்கு அது சாதாரண வேலை நேரம். அதைச் சொன்னபோது பாலகுருவின் முகத்தைப் பார்த்தேன். குளிரில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்த அறையில் அவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எதற்குப் பயந்தான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். போன வருடம் ஒருவன் தவறான டேப்பை அழித்தான். விசாவைக் கேன்சல் செய்து, திரும்பி வர முடியாதபடி பேன் அடித்து அனுப்பினார்கள். பாலகுரு குவாரி வெயிலில் மூன்று கோடை கிடந்து, அதற்கப்புறம் இந்த ஏசி அறைக்கு வந்தவன்.

டேப் ஏறிவிட்டது. எழுதட்டுமா என்று திரை கேட்டது. ஓகே கொடு என்றார் நெய்னா பாய். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"அவன் சொல்றது பொய்யா இருந்தா எல்லாம் போயிரும். நீங்களே அடிங்க பாய்."

"யாரும் ஓட்டலன்னா ஓட்டல. தள்ளு" என்று குனிந்தார்.

"அடிக்காதீங்க பாய்." பாலகுருவின் குரல் ஏசி இரைச்சலில் பாதிதான் கேட்டது. "ஓடுச்சு. எர்ரரா வரவும் பாதியில நிறுத்திட்டேன்."

ஹஸ்னைன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

பாதி என்றால் எந்த ஃபைல் வரைக்கும் என்று கேட்டேன். நினைவிருந்தது, சொன்னான். டேப்பை இறக்கினோம். அவன் சொன்ன ஃபைல் வரை புது இடத்திலும், அதற்குப் பிறகு பழைய இடத்திலும் தேடித் தேடி டைரக்டரியைப் புதிதாகக் கட்டினோம். பாலகுரு பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். இருட்டுமுன் குவாரி ஃபைல் வந்துவிட்டது. டிஸ்பாட்ச்சும் வந்தது. ஜெட்டிக்காரன் அந்த நேரத்தில் ஏற்றியது மட்டும் போயே போய்விட்டது. மறுபடி ஏற்றச் சொன்னோம்.

ஹெட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. இதைச் செய்தது யார் என்று கேட்டார்கள். நெய்னா பாய் பாலகுரு என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"காக்கா, ஐடி என்னுதுல்ல" என்று ஹஸ்னைன் நெய்னா பாயைப் பார்த்து எழுந்தான்.

"வாயப் பொத்து. ஒம் பொண்டாட்டி நஸீஹா விசா இன்னும் அவங்க மேசையிலதான் கெடக்கு."

ஹஸ்னைன் நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

ஜும்ஆவில் ஓட்டச் சொன்னது நீங்கள்தானே என்று நான் கேட்டேன். நெய்னா பாய்க்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதிக் குடுத்திருக்கேனா வைரவா?"

இல்லை என்றேன்.

"அப்ப விடு. வர்ற வெள்ளிக்கிழம நீ உக்காரு."

கானை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் பாலகுருவிடம் கையை நீட்டி, "கார்டு, பாய்" என்றான். பாலகுரு கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தான். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"ஜெட்டில வெள்ளிக்கெழமை கெடையாதுன்னு எவனுமே சொல்லலயே மாப்ள."

எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும் என்றேன். தலையை ஆட்டினான். கான் அவனை முன்னால் விட்டுப் பின்னால் போனான். கண்ணாடிக் கதவு மெதுவாக வந்து மூடி, டக்கென்று பூட்டிக்கொண்டது.