இத்தாலி சோஃபாவின் நான்காவது கால்

அம்மா எதையும் தனக்கு வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. மருந்துக்கடை கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் நின்றவள். நின்று நின்று முதுகுத்தண்டு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, போன மாதம்தான் வேலையை விட்டாள். வீட்டில் இருந்த எந்த இருக்கையும் அவளுக்கு ஒத்துவரவில்லை. புது மாதிரி சோஃபாக்களில் உட்கார்ந்தால் ஆளே உள்ளே போய்விடுகிறாள். தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் போர்வையை மடித்து முதுகுக்குக் கொடுத்து நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் பழைய மரச்சாமான் கடைக்குப் போனது பெரியம்மாவுக்குக் கண்ணாடி அலமாரி பார்க்க. பெரியம்மா அலமாரிக் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது, அம்மா கால் கடுக்கிறது என்று பக்கத்தில் இருந்த சோஃபாவில் உட்கார்ந்தாள். இத்தாலியில் செய்த பழைய சோஃபா. வால்நட் மரம். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். முதுகுப்பக்கம் உயரமாக, நேராக இருந்தது. அதன் உச்சியில் சிப்பி ஒன்றைச் செதுக்கியிருந்தார்கள். பச்சை வெல்வெட் கைவைக்கும் இடங்களில் வெளுத்திருந்தது. இருக்கைக்குள் குதிரைமுடி அடைத்திருப்பதாகவும், அதனால்தான் அமுங்காமல் தாங்குகிறது என்றும் கடைக்காரர் சொன்னார்.

பெரியம்மா அலமாரி வேண்டாம் என்று முடிவு செய்து திரும்பி வந்தபோதும் அம்மா எழவில்லை. முதுகு நேராக இருந்தது. கைகள் மடியில் இருந்தன. முகத்தில் வலி இல்லை.

"எனக்கு இது வேணும்" என்றாள்.

எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னாள். பெரியம்மா உடனே அவள் கையைப் பிடித்து எழுப்பி, முகத்தைச் சுளித்துக்கொள்ளச் சொன்னாள்.

எங்கள் குடும்பத்தில் பொருள் வாங்கும் முறை அது. பிடித்த பொருளைப் பிடித்த மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது. காறித் துப்பாத குறையாகத் திட்ட வேண்டும். விற்பவர் மனம் நொந்து விலையை இறக்குவார். இந்த வித்தையில் பெரியம்மாவை அடிக்க ஆள் கிடையாது. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் பிணவறைக்குத்தான் லாயக்கு என்று சொல்லி வாங்கியவள். பெரியப்பாவையே அப்படித்தான் பிடித்தாள் என்று அம்மா சொல்வாள். பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளைக்குக் காது ரொம்பப் பெரியது என்று அவர் காதுபடவே சொன்னாளாம்.

அன்று சோஃபாவும் வாங்கிக் கட்டிக்கொண்டது. வெல்வெட் பாசி பிடித்த குளம் போல இருக்கிறதாம். சிப்பி, வீங்கிய முகம் மாதிரி இருக்கிறதாம். ஏழு மாதமாகக் கடையிலேயே நிற்கிறது என்று கடைக்காரர் வாய்தவறிச் சொன்னதும், ஏன் நிற்காது என்று கேட்டாள். கடைக்காரர் அசையவில்லை. அமைதியான மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சோஃபா முழுக்க அசல், ஒரு ஆணி கூடப் புதிதில்லை, அட்டையில் எழுதியிருக்கிற விலைதான் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பெரியம்மா முன்காலில் இருந்த துளைகளைப் பார்த்தாள். குண்டூசித் தலையளவு துளைகள், பத்துப் பன்னிரண்டு.

"ஏண்டி, நீ பூச்சி படிச்சவதானே? இது என்னன்னு சொல்லு."

நான் விலங்கியல் படித்தவள். தானியக் கிடங்கு ஒன்றின் ஆய்வகத்தில் மாதிரி மூட்டைகளில் பூச்சி பார்க்கிறேன். எனக்குப் பிடித்த வேலை. பூச்சிகளிடம் பேச வேண்டியதில்லை. வேற்று மனிதர்களிடம் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசுவதற்குள் எனக்கு வியர்த்துவிடும்.

மரத்துளை வண்டு என்றேன். அது உண்மை. உயிரோடு இருக்கிறதா என்று பெரியம்மா அடுத்ததாகக் கேட்டாள். இல்லை என்று எனக்குத் தெரியும். துளைகளின் ஓரம் கருத்துப் போயிருந்தது. உள்ளே பாலிஷ் இறங்கி உறைந்திருந்தது. வண்டுகள் வெளியேறிப் பல காலம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அதைச் சொன்னால் பெரியம்மாவின் பேரம் கெட்டுப்போகும். சொல்லாவிட்டால் பொய். எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். கடைக்காரர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்தது. பெரியம்மாவுக்குப் பரம திருப்தி. ஒரு வாரம் ஊறட்டும், தானாக இறங்கி வருவார் என்று சொல்லி எங்களை வெளியே கூட்டிவந்தாள்.

அந்த வாரம் அம்மா முன்னறையை இரண்டு முறை ஒழித்தாள். ஜன்னல் பக்கச் சுவரை நூல்பிடித்து அளந்தாள். செருப்பு அலமாரியை நகர்த்த வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவளே கடைக்குப் போன் செய்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டாள். கடைக்காரர் ஏற்கெனவே சூடுபட்டவராம். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரே ஒரு கட்டிலில் வந்த வண்டு கடையில் பாதியைத் தின்றுவிட்டதாம். அதனால் சோஃபாவை அன்றைக்கே பின்கொட்டகைக்குத் தள்ளிவிட்டார். மறுநாள் காலை வெல்வெட்டையும் குதிரைமுடியையும் பிரித்துவிட்டு, மரத்தை உடைத்து எரிக்கப்போகிறார்கள். நல்லவேளை உங்க பொண்ணு சொன்னா என்று அம்மாவிடம் நன்றியும் சொன்னாராம்.

"போகட்டும்" என்றாள் அம்மா. பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்து போர்வையைச் சரிசெய்துகொண்டாள்.

பெரியம்மாவிடம் சொன்னபோது, அந்த ஆள் நாடகம் ஆடுகிறார் என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் குனிந்த தலையை நம்பி ஒருவர் கோடாலியை எடுத்திருக்கிறார்.

சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை உண்டு. வர முடியாது என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, கைலென்ஸையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்தேன். கடை வாசலில் எல்லாம் மறந்துபோனது.

பின்கொட்டகையில் சோஃபா கவிழ்ந்து கிடந்தது. அடித்துணியைப் பாதி கிழித்திருந்தார்கள். கடையில் வேலை செய்யும் பாலிஷ்காரர் கையில் கட்டிங் பிளேயருடன் குத்துக்காலிட்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் மூக்கில் துணி கட்டி நின்றார்.

"உடைக்காதீங்க சார்" என்றேன்.

எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். இந்த முறை பாலிஷ்காரர் கை நின்றது. நான் சொன்னது தப்பு என்றேன். இல்லை, சொல்லாமல் விட்டது தப்பு என்றேன். இந்த மரத்தில் வண்டு இல்லை, எப்போதோ போய்விட்டது.

"அப்ப அன்னைக்கு ஏம்மா தலையை ஆட்டினீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஆட்டல சார். குனிஞ்சேன்."

"எதுக்கு?"

"விலை குறையும்னு."

பாலிஷ்காரர் சிரித்துவிட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை. போன வாரம் ஒன்று, இந்த வாரம் ஒன்று சொன்னால் எதை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், சோஃபா நின்ற இடத்தைக் காட்டுங்கள் என்றேன்.

கடைக்குள் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. பயத்தில் யாரும் பக்கத்தில் போகவில்லை, பெருக்கவும் இல்லை. கறுப்புத் தரை. நான்கு கால்கள் நின்ற இடங்கள் மட்டும் பளபளவென்று இருந்தன. சுற்றிலும் ஏழு மாதத் தூசி. நான் மண்டியிட்டு டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தேன். லென்ஸை அவர் கையில் கொடுத்தேன்.

உயிருள்ள வண்டு மரத்தைக் குடைந்தால் வெளிர் மஞ்சளாகத் தூள் கொட்டும் என்று சொன்னேன். விரலில் தேய்த்தால் ரவை மாதிரி நெருடும். வெயில் காலம் முழுக்க இந்தச் சோஃபா இங்கே நின்றிருக்கிறது, வண்டு வெளியே வருவதும் அப்போதுதான். இங்கே தூள் இருக்கிறதா, பாருங்கள்.

அவரும் மண்டியிட்டார். மூக்குத் துணியைக் கழற்றினார். தூசியைத் தொட்டுத் தேய்த்தார். பஞ்சும் முடியும் சாம்பல் நிறத் தூசியும்தான் இருந்தன. நான்கு கால் தடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் பேசிக்கொண்டே இருந்தேன் என்பது அவர் நிமிர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப சரக்கு சுத்தம். அப்ப விலையும் பழைய விலைதான்" என்றார்.

அதிலும் தப்பு சொல்ல முடியாது. பெரியம்மா இருந்திருந்தால் இந்த இடத்தில் என் தொடையைக் கிள்ளியிருப்பாள். ஆனால் கவிழ்ந்து கிடந்த சோஃபாவில் இன்னொன்றையும் நான் பார்த்திருந்தேன். அவர் முழுக்க அசல் என்று நம்புகிறார் என்பதும் தெரிந்தது. நல்லதைச் சொல்லிவிட்டு இதை விழுங்கினால் மறுபடியும் அதே குனிந்த தலைதான்.

கொட்டகைக்குத் திரும்பினோம். மூன்று கால்களில் துளைகளை எண்ணிக் காட்டினேன். பன்னிரண்டு, ஒன்பது, பதினான்கு. சட்டத்திலும் இருந்தன. பின்பக்க இடது காலில் எண்ணச் சொன்னேன். அவர் எண்ணப் பார்த்தார். ஒன்று கூட இல்லை.

"மூணு காலைத் தின்ன வண்டு நாலாவதை மட்டும் பார்த்து ஒதுங்கிப் போகாது சார். வண்டு இருந்த காலத்துல இந்தக் கால் இங்க இல்ல. பிறகு மாத்தியிருக்காங்க."

பாலிஷ்காரர் தவழ்ந்து வந்து அந்தக் காலின் அடியை நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார். வால்நட் மாதிரி சாயம் போட்ட வேறு மரம் என்றார். முட்டாள் மாதிரி ஏழு மாதம் துடைத்திருக்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கடைக்காரர் சோஃபாவின் கையில் கட்டியிருந்த அட்டையை எடுத்தார். முழுவதும் அசல் என்ற வரியைப் பேனாவால் அடித்தார். விலையையும் அடித்தார். புது விலை எழுதவில்லை. பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

அம்மா ஒதுக்கி வைத்திருந்த தொகையைச் சொன்னேன். அதற்கு மேல் எங்களிடம் இல்லை என்றும், சோஃபா அதைவிட அதிகம் பெறும் என்றும் சொன்னேன். செதுக்கல் ஒரே கை செய்தது, குதிரைமுடி இன்னும் நூறு வருஷம் தாங்கும், ஒரு கால் மாறியதால் உட்காருகிறவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. விற்க வேண்டியவர் அவர். புகழ்ந்துகொண்டிருந்தவள் நான்.

அவர் யோசித்தார். பிறகு கடைப்பக்கம் கையைக் காட்டி, இன்னும் இருபது உருப்படிக்கு மேல் இருக்கிறது, இதே மாதிரி பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். போன வாரம் முழுக்க அவருக்குத் தூக்கமே இல்லையாம்.

"பார்க்கிறேன் சார். சோஃபா நான் சொன்ன விலைக்கு. கிழிச்ச துணியை நீங்களே தைச்சுக் கொடுக்கணும். வண்டியும் உங்களோடது."

இதைச் சொன்னது யார் என்று திரும்பிப் பார்க்கலாம் போல இருந்தது.

மத்தியானம் வரை தரையில்தான் கிடந்தேன். கட்டில்களுக்கு அடியில் போனேன், அலமாரிகளுக்குப் பின்னால் போனேன். பாலிஷ்காரர் டார்ச் பிடித்தார். ஜன்னலோரம் இருந்த, முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த மர மேசையின் அடி இழுப்பறையில் கிடைத்தது, வெளிர் மஞ்சளாக, சின்னக் குவியலாக. விரலில் ரவை மாதிரி நெருடியது. எல்லோரும் பயந்த சோஃபா சுத்தமாக இருந்தது. யாரும் பயப்படாத மேசைக்குள் வண்டு சுகமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மேசையைத் தூக்கிக்கொண்டு அவரே கொட்டகைக்கு ஓடினார்.

திங்கட்கிழமை மாலை சோஃபா வந்தது. இரண்டு மாடி ஏற்ற நான்கு பேர். திருப்பத்தில் எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று மேலே நின்று நான்தான் சொன்னேன். அவர்கள் கேட்டார்கள். செருப்பு அலமாரி இருந்த இடத்தில் கால் அங்குலம் மிச்சம் விட்டுச் சோஃபா பொருந்தியது. அம்மா புடவைத் தலைப்பால் அந்தச் சிப்பியைத் துடைத்தாள். உட்கார்ந்தாள். முதுகு நேரானது. தோள் இறங்கியது. மூச்சை மெதுவாக விட்டாள்.

பெரியம்மா செய்தி கேட்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். என்ன விலை என்று கேட்டாள். சொன்னேன். நம்பவில்லை. என்ன குறை சொல்லி இறக்கினாய் என்று கேட்டாள். குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னேன் என்றதும், அவள் சோஃபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, குனிந்து நான்கு கால்களையும் பார்த்தாள். எது மாற்றிய கால் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இவ போய் அந்த ஆளுகிட்டப் பேசினாளாக்கும்" என்றாள் அம்மாவிடம்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டேனே. என்னென்ன பேசின? எனக்குச் சொல்லு."

இருவருக்கும் நடுவில் இடம் இருந்தது. நான் உட்காரவில்லை. கடைக்காரர் எங்கே நின்றார், பாலிஷ்காரர் எங்கே இருந்தார் என்று காட்ட எனக்கு அறை முழுக்கத் தேவைப்பட்டது. கொட்டகை வாசலில் ஆரம்பித்தேன். பெரியம்மா நடுவில் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். கொஞ்சம் பொறுங்கள் பெரியம்மா என்று சொல்லிவிட்டு மேலே தொடர்ந்தேன்.