கிளெமென்ற் வைத்த பெயர்கள்

வெள்ளவத்தையில், காலி வீதிப் புடவைக்கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இருந்த கணினி அலுவலகத்தில் பலீலாதான் மேற்பார்வை. அவளுக்குக் கீழே வேலை செய்தவர்களில் கெட்டிக்காரன் கொட்டாஞ்சேனை கிளெமென்ற். கப்பல் ஏஜென்சி ஒன்றுக்குச் சம்பள புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். புரோகிராமின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும். மற்றவர்கள் அந்தத் துண்டு செய்யும் வேலையைப் பெயராக வைப்பார்கள். கிளெமென்ற் தன் சொந்தக்காரரை வைத்தான்.

எல்லாம் முடிந்த பிறகு ஓடும் துண்டு ஹெக்டர். எந்தக் கல்யாணத்துக்கும் பந்தி முடிகிற நேரத்தில் வந்து சேரும் அவனுடைய மாமா அவர். வேண்டாததைக் கேட்காமலே அழிக்கும் துண்டு ஐறீன். வீடு கூட்டுகிறேன் என்று அவன் சாமான்களில் பாதியைக் குப்பையில் போட்ட அக்கா. பிழை வந்தால் விடாமல் கத்துவதற்கு றோஸி மாமி. பலீலா கண்டும் காணாமல் விட்டிருந்தாள். எது எங்கே என்று தேடி ஒருவரும் அலைந்ததில்லை.

ஏஜென்சிக்காரர் வேலையைப் பார்க்க வந்த அன்று, கொஞ்சம் கலகலப்பாக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பெயர்களைப் பெரிய திரையில் போட்டு ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"ஐறீன் அக்கா வந்தா ஒண்டும் மிஞ்சாது" என்றாள். அறையே சிரித்தது. கிளெமென்றும் சிரித்தான்.

வந்தவர்களில் ஒருவர், "அப்ப எங்கட ஆக்களின்ர சம்பளத்தை இவருடைய குடும்பமா பாக்கப்போகுது?" என்று கேட்டார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. கிளெமென்ற் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் புரோகிராமில் ஒரு மனிதரும் இல்லை. ஏ-1, ஏ-2 என்று வெறும் எண்கள்.

"இதென்ன கிளெமென்ற், ஒண்டும் வெளங்கல்லியே" என்றாள் பலீலா.

"பேர் வைக்க எனக்குத் தெரியாது மிஸ். நீங்க சொல்லுங்கோ, வைக்கிறன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

தானே வைத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தாள். பின்னேரம் முழுக்க மண்டையை உடைத்து ஃபைனல், நியூ ஃபைனல், ரியல் ஃபைனல் என்ற இடத்தில் வந்து நின்றாள். சரி, எண்களே இருக்கட்டும் என்று விட்டாள். பழைய பெயர்களையே வையுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் முன்னால் சிரித்துவிட்டு அதை எப்படிச் சொல்வது?

ஏஜென்சி வேலை முடிந்ததும் கிளெமென்ற் ஹெவ்லொக் டவுனில் ஒரு பெரிய கம்பனிக்குப் போய்விட்டான். பிறகொரு மாதம் ஏஜென்சியின் சம்பளக் கணக்குப் பிழைத்தது. எந்தத் துண்டில் கோளாறு என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. பலீலா அவனுக்கு போன் எடுத்து விஷயத்தைச் சொன்னாள்.

"ஏ-7ஐப் பாருங்கோ மிஸ்" என்றான் உடனே.

போனை வைக்க மனமில்லாமல், "புது எடத்துல எப்படி? பேரெல்லாம் வெக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"இஞ்ச எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு மிஸ். அதன்படிதான்."

"அது நல்லந்தானே."

"ஓம், நல்லம்."

அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வைக்கிறன் மிஸ்" என்று வைத்துவிட்டான்.

பிழை அவன் சொன்ன இடத்தில்தான் இருந்தது. திருத்திய பிறகும் பலீலா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருமுறை எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.